காலியாக இருக்கிறது என்பதற்கான சான்று

எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை. பழைய சோப்புத் தொழிற்சாலை இடிந்த இடம். பத்தொன்பது வருஷமாக அங்கே வளர்ந்தது முள்செடி மட்டும். மேற்படி மனையில் நாற்பது வீடுகள் கட்டுவதென்று நகராட்சி அலுவலகம் முடிவெடுத்தது.

நல்ல முடிவு. தண்ணீர்க் குழாய் வாசலிலேயே போகிறது. சாக்கடை இருக்கிறது. பஸ் நிற்கிறது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வீடு கட்ட ஊருக்கு வெளியே போய் வயலை மூட வேண்டியதில்லை. மறுத்துப் பேச ஒன்றுமில்லை. யாரும் மறுக்கவுமில்லை. அங்கேதான் வினை.

வீடு கேட்டுப் போன முதல் விண்ணப்பம் குழாய் ரிப்பேர் பார்க்கிற குழாய்க்காரருடையது. என் மாடிக்குக் கீழே ஒற்றை அறையில் இருக்கிறார். அவர், மனைவி, மாமியார், இரண்டு பெண்கள். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். மூத்தவள் பரீட்சைக்குக் குளியலறையில் உட்கார்ந்து படிக்கிறாள். யாராவது குளிக்க வந்தால் வரலாறு பாதியில் நிற்கும்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். காலி மனையில் வீடு கட்டுவதன் நன்மைகள் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தார்களாம்.

கட்டுவதற்கு முன், மனை காலியாக இருக்கிறது என்று ஒரு சான்று வேண்டும். அதிகாரி டேப்போடு வந்தார். சுற்றினார். எழுதினார்: "மனை காலியாக இல்லை. ஒரு கயிறு, ஏழு துணிகள்."

குழாய்க்காரர் மனைவி ஓடிப்போய்த் துணியை எடுத்தாள். போதாதாம். ஆறு மாதம் தொடர்ந்து காலியாக இருந்தால்தான் காலி. அதை உறுதிசெய்ய மனைக்குள் ஒரு காவலாளியைப் போட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அதிகாரி திரும்ப வந்தார். எழுதினார்: "மனை காலியாக இல்லை. ஒரு காவலாளி."

"அவரை நீங்கதானே சார் வச்சீங்க?" என்றாள் குழாய்க்காரர் மனைவி.

"யார் வச்சா என்னம்மா? ஆள் இருக்காரா, இல்லையா?"

"இருக்காரு."

"அப்புறம் எப்படிம்மா காலின்னு எழுதுறது?"

விதி என்றால் அப்படித்தான்.

ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், காவலாளி வெளியிலிருந்தே காவல் காக்கலாம் என்று உத்தரவு வந்தது. தரைமட்டத்தில் மனை முழுவதும் தெரிகிற இடம் ஒன்றுதான்: குழாய்க்காரர் வீட்டு ஜன்னல். பயனாளி ஒத்துழைக்க வேண்டும் என்றார்கள். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் வந்தது. அதன்மேல் காவலாளி வந்தான். அறையில் இப்போது ஆறு பேர்.

நல்ல மனுஷன்தான். "நான் இருக்கிறதாவே நினைக்காதே தங்கச்சி" என்றான் குழாய்க்காரர் மனைவியிடம். நினைக்காமல் இருக்கவும் இடம் வேண்டுமே. ஆண் பிள்ளை ஒருத்தன் குளியலறைக் கதவுக்கு நேராக உட்கார்ந்திருப்பதால் மூத்தவள் புத்தகத்தோடு மாடிப்படிக்கு மாறினாள். நான் ஏறி இறங்கும்போதெல்லாம் எழுந்து வழிவிடுவாள்.

அடுத்த ஆறு மாதத்தில் சான்று வந்தது. முத்திரையோடு. கையோடு ஒரு வடிவமைப்பு நிபுணரும் வந்தார். பள்ளிக்கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். மாடிக்கு மாடி செடி தொங்கியது. பால்கனியில் ஒரு ஒல்லி மனிதர் கோப்பையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு என்பது சுவரல்ல, ஓர் அனுபவம் என்றார் நிபுணர். சமையலறையில் குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று குழாய்க்காரர் கேட்டார். நிபுணர் முகம் வாடிவிட்டது.

மிச்சம் இருந்தது தெருவின் கருத்து. வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டே கேள்வி. இதன் நன்மைகளை ஏற்கிறீர்களா? இதனால் உங்களுக்கு ஏதேனும் சிரமம் உண்டா?

ஒரு மாதம் கழித்துத் தெருவைக் கூட்டி வைத்து அதிகாரி முடிவைப் படித்தார். நன்மைகள் ஏகமனதாக ஏற்கப்பட்டன. எல்லோரும் கைதட்டினோம். சிரமம், இருபத்திரண்டு. இருபத்தொரு வீட்டார், பிற்காலத்தில் கார் வாங்கினால் நிறுத்த இடம் இருக்காது என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், மாலைக் காற்று நின்றுபோகும் என்று எழுதியிருந்தார்.

"கார் விஷயத்தை மேலே யாரும் பெரிசா எடுத்துக்கலை," என்றார் அதிகாரி. "அந்தக் காத்து விஷயம்தான். ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. அதைப் படிச்சதும் மேலதிகாரிக்கே மனசு மாறிடுச்சு."

திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மறு உத்தரவு வரும்வரை மனை காலியாகவே இருக்க வேண்டும். ஆகவே காவலாளியும் ஜன்னலோரமே இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் குழாய்க்காரர் மூத்தவளோடு மாடிக்கு வந்தார். பேப்பரும் பேனாவும் கொண்டுவந்திருந்தார். "அந்தக் காத்துக்காரன் யாருன்னு கேட்டு ஒரு மனு எழுதித் தாங்கய்யா. உங்க எழுத்துன்னா மதிக்கிறாங்க."

கையில் சுளுக்கு என்றேன். மூத்தவளையே எழுதச் சொன்னேன். வாசகத்தை நான் சொன்னேன். மனைப் பக்கம் பார்த்துப் போட்டிருந்த என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதம் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதினாள்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இங்க நல்லா காத்து வருது தாத்தா" என்றாள்.