பாஞ்ச் மரத்தை நம்பி வாழும் உயிரினங்கள்

எங்கள் மலையில் ஊர்த் தலைவியின் கணவர் என்பது ஒரு பதவி. சம்பளம் கிடையாது, வேலையும் கிடையாது. ஆகவே கௌரவம் அதிகம். சௌண்ட்கால் ஊராட்சிக்கு என் மனைவி சதேஸ்வரி தலைவியான நாள் முதல் அந்தப் பாரத்தை நான்தான் சுமந்து வருகிறேன்.

ஊருக்கு மேலே பாஞ்ச் மரக் காடு. பட்டணத்துக்காரர்கள் ஓக் என்பார்கள். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. பலமாகக் காற்றடித்தால் மலைக்கு ஒரே நிமிடத்தில் நரைத்துவிடும். பனிக்காலத்தில் மாடுகளுக்கு அந்த இலைதான் தீனி. அதன் வேரடியில் கசிவதுதான் எங்கள் ஊற்று. பாஞ்சை வெட்டிவிட்டுப் பைன் மரம் வைத்த ஊர்கள் கீழே இருக்கின்றன. அங்கே ஊற்று நின்றுபோனது. கோடைதோறும் காட்டுத்தீ மட்டும் நிற்காமல் வருகிறது.

இந்நிலையில், மரங்கள் யாவும் தத்தம் இயற்கை வாழிடத்தில்தான் வசிக்கின்றனவா என்று சரிபார்க்க வனத்துறை முடிவு செய்தது. புதிய அதிகாரி பட்நாகர் ஜீப்பில் வந்தார். கூடவே எங்கள் பக்கத்து ரேஞ்சர் டிம்ரி. பட்நாகர் சாலையோரம் இறங்கி, கைப்பேசியை வானத்துக்குக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"பாஞ்ச் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலதான் வளரும். இந்த இடம் அதுக்குக் கீழ இருக்கு."

"அப்போ மேல தெரியுதே, அது என்ன சாஹிப்?" என்றாள் சதேஸ்வரி.

"வளரக் கூடாத மரம்."

"என் மாமனாரோட தாத்தா காலத்துலேருந்து வளருதே!"

"ஆக்கிரமிப்பு பழசாயிட்டா சட்டமாயிடுமாம்மா? வெட்டி எடுத்துட்டு, இந்த உயரத்துக்கு உண்டான பைன் வைப்போம்."

பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பிந்தா அரிவாளைக் கீழே போட்டாள். "அடப்பாவி, ஊத்துப் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சதேஸ்வரி அழவில்லை.

"சாஹிப், காடு மேல இருக்கு. நீங்க ரோட்ல நின்னு அளக்குறீங்க. தலைவலிக்கு முழங்கால்ல தைலம் தேய்ச்ச கதையா இருக்கே?"

"ஜீப் போற இடம் வரைக்கும்தான் அளக்கணும். அதான் நடைமுறை."

"ஜீப்தானே போகாது? நாங்க போவோம். நீங்க உக்காருங்க."

நோயாளியை ஆஸ்பத்திரிக்கு இறக்குவது போலவே, ஒரு நாற்காலியைக் கழிகளில் கட்டினார்கள். நான்கு பெண்கள் தோள் கொடுத்தார்கள். ஆண்களாகிய நாங்கள் முன்னால் நடந்து, "பாத்து, பாத்து!" என்று கத்தும் பொறுப்பை ஏற்றோம். பட்நாகர் தன் பணிக்காலத்தில் இவ்வளவு உயர்ந்ததில்லை. உச்சியில் கைப்பேசி ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிக் காட்டியது. அவர் இறங்கி, தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்டவர் போல ஒரு மரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"சந்தேகமே இல்ல. இது இயற்கை வாழிடம்!"

பெண்கள் கைகோத்து ஆடினார்கள். நான் நன்றியுரை ஆற்றினேன்.

அந்த வாரமே முள்கம்பி வந்து இறங்கியது. இயற்கை வாழிடம் என்றால் அதில் மனிதர் நடமாடலாகாதாம். வேலி, இரும்புக் கதவு, பூட்டு, உள்ளே வாழும் உயிரினங்களின் பெயர் எழுதிய போர்டு. ஊற்று உள்ளே, ஊர் வெளியே. வேலியோரம் டெல்லிக்காரர்களுக்கு ஒரு மேடை கட்டினார்கள். அவர்கள் டிக்கெட் வாங்கி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டார்கள். காட்டுக் குளியல் என்று அதற்குப் பெயர். இப்போது அதுதான் நாகரிகம். அவர்கள் காட்டில் குளித்தார்கள். நாங்கள் குளிக்கவில்லை.

பிந்தாவின் எருமை பாலை நிறுத்தியது. ராத்திரியெல்லாம் மாடுகள் கத்தின. சதேஸ்வரி என்னையும் இழுத்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகம் போனாள்.

"தப்பு நடந்துபோச்சு சாஹிப். அது வளரக் கூடாத மரமாவே இருந்துட்டுப் போகட்டும்."

"இயற்கைன்னு அறிவிச்சாச்சு. இனி இயற்கையே நினைச்சாலும் மாத்த முடியாது."

"கரடி மட்டும் கம்பியைத் தாண்டிப் போகுதே?"

"கரடி பாஞ்ச் மரத்தை நம்பி வாழும் உயிரினம். போர்டுல எழுதியிருக்குல்ல?"

"குரங்கு?"

"அதுவும்தான்."

"அப்ப நாங்க?"

"நீங்க பயனாளிகள்."

சதேஸ்வரி சற்று யோசித்தாள். "உயிரினமா ஆகணும்னா என்ன சாஹிப் பண்ணணும்?"

துறைக்குத் தகுந்த கேள்வியை முதன்முறையாக ஒருவர் கேட்டுவிட்ட மகிழ்ச்சி பட்நாகர் முகத்தில் பரவியது. உடனே ஆய்வுக்கு உத்தரவிட்டார். டிம்ரி ஊரில் தங்கிப் பெண்களை மறைந்திருந்து கவனித்தார். அவர் மறைந்திருந்த இடத்துக்கே பெண்கள் டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முடிவில் அவர் எழுதினார்: 'இவ்வுயிரினம் விடியுமுன் எழுகிறது. தன் எடைக்கு நிகரான இலையை முதுகில் சுமக்கிறது. பாஞ்ச் காடு இன்றேல் இது பிழைக்காது.'

போர்டில் கரடி, குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றுக்குக் கீழே 'மலைப்பெண்' என்று புதிதாக எழுதினார்கள். கதவு திறந்தது. அன்று மாலை சதேஸ்வரி முதுகில் இலையும் தலையில் குடமுமாக வந்தாள்.

"குரங்குக்குக் கீழ பேர் போட்டிருக்கானுங்களே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

"வெக்கப்பட்டா எருமை கறக்குமா? தள்ளுங்க, குடத்தை இறக்கணும்."

நான் தள்ளினேன்.

ஆனால் ஆண்களின் மானம் என்று ஒன்று இருக்கிறதே? குரங்குக்கு இருக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா? டீக்கடையில் கூடித் தீர்மானம் போட்டு, எங்களையும் உயிரினமாக அங்கீகரிக்கக் கோரினோம். மறுபடி டிம்ரி வந்தார். எங்களைக் கவனிக்க அவர் அலையவில்லை. டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்தார். மதியம் தொடங்கிப் பொழுது சாயும்வரை நாங்கள் சீட்டாடினோம். இரண்டு ஆட்டம் அவரும் ஆடினார்.

முடிவைப் பட்நாகரே நேரில் வந்து படித்தார்: "இவ்வுயிரினம் பாஞ்ச் மரத்தை நம்பி வாழவில்லை. பாஞ்ச் மரத்தை நம்பி வாழும் உயிரினத்தை நம்பி வாழ்கிறது. ஆகவே இது புல்லுருவி வகையைச் சேர்ந்தது."

டீக்கடையில் சீட்டுகள் கீழே இறங்கின. பட்நாகர் என் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"பயப்படாதீங்க. இயற்கை வாழிடத்துல புல்லுருவிக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. எங்க துறையிலயே அதுக்குத் தனி இடம் இருக்கு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினோம். அரசாங்க அங்கீகாரம் சும்மாவா? அன்று ஊர் முழுக்க அர்சா இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். அரிசி இடித்ததும், வெல்லப்பாகு காய்ச்சியதும், சுட்டு எடுத்ததும் வழக்கம்போல் பெண்கள்தான்.