வாயில்லாச் சீவன்களின் வக்கீல்

வாயில்லாச் சீவன்களின் வக்கீல் என்றோர் இனம் நம் கொழும்பில் பெருகி வருகிறது. நல்ல மாதிரி ஒன்று வேண்டுமானால் கொட்டாஞ்சேனைச் சவுந்தரநாயகத்தாரைப் பாருங்கள்.

துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கர்; சீவகாருண்ய சங்கத்துக்குக் கௌரவ காரியதரிசி. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் கக்கத்தில் குடையுமாக அவர் தெருவில் இறங்கினால் வண்டில்காரர் சாட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். சந்தையில் கோழியைத் தலைகீழாய்ப் பிடித்திருப்பவன் அவசரமாய் நிமிர்த்துவான். அவனுக்குக் கால்மணி நேரம் புத்தி சொல்லி, அதே கோழியை விலைபேசி வாங்கி, குழந்தையைப்போல நெஞ்சில் அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், "பிறிஜெற், இதை வெள்ளைக் குழம்பாய் வை" என்று மனைவியிடம் நீட்டுவார். கோழியின் மரியாதை காப்பாற்றப்பட்டது. கோழி?

போன மாசியில் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். தலைமை தாங்க ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி இசைந்திருந்தார். அவர் கைகுலுக்கும்போது எவ்வளவு குனிவது என்று சவுந்தரநாயகத்தார் மூன்று நாளாய்க் கண்ணாடி முன் நின்று பழகினார்.

அன்று பின்னேரம் மண்டபத்துக்குப் போகிற வழியில், ஜம்பட்டா வீதி மேட்டில் ஒரு வண்டில் நிற்கக் கண்டார். கூரை உயரத்துக்கு, கால்கள் வானம் பார்க்க அடுக்கிய கதிரைகள். ஒற்றை மாடு முன்னங்கால் மடிந்து, வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. வண்டில்காரன் ஹாஷிம் சில்லுக்குத் தன் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"டேய், நிப்பாட்டு! உனக்கு ஈவிரக்கம் இல்லையோ? வாயில்லாச் சீவன்!"

சந்தியில் நின்ற பொலிஸ்காரனைக் கைதட்டி அழைத்தார். சனம் கூடியது. சனத்தைக் கண்டால் இந்த இனத்துக்குத் தொண்டை தானாகத் திறந்துவிடும். மாட்டின் கழுத்துப் புண்ணைக் குடைமுனையால் சுட்டிக்காட்டினார், சட்டத்தைச் சொன்னார், பறவைகளுக்குப் பிரசங்கம் செய்த அசிசி முனிவரைக்கூட இழுத்தார்.

பொலிஸ்காரன் பென்சிலை எடுத்தான். "யார் சாமான்?"

"சங்கத்துச் சாமான், சேர்," என்று ஹாஷிம் மடியிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்துக் கொடுத்தான். "ரெண்டு வண்டில் வேணும் எண்டு சென்னன். அதுக்கு இந்தத் துண்டுதான் வந்த."

பொலிஸ்காரன் அதை உரக்க வாசித்தான்: "வீண் செலவு வேண்டாம். எல்லாக் கதிரையும் ஒரே நடையில் வரவேண்டும். சவுந்தரநாயகம், காரியதரிசி."

சவுந்தரநாயகத்தாரின் காது சூடேறியது. வெட்கந்தான். ஆனால் மணிக்கூட்டைப் பார்த்ததும் அது போய்விட்டது. துரைசாணி வர இன்னும் முக்கால் மணி நேரமே இருந்தது.

"சரி, இண்டைக்கு ஒருநாள் போகட்டும். மெல்லமாய் ஓட்டு."

"மாட்டுக்கு எழும்ப ஏலாம ஈக்கி, தொர."

"ரெண்டு போடு போட்டால் எழும்பும்!"

ஹாஷிம் நுகத்துப் பூட்டை அவிழ்த்தான். பக்கத்துக் கடையில் வாளி வாங்கித் தண்ணீர் காட்டினான். மாடு மெல்ல எழுந்து நின்றதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரம் பக்கமாய் நடந்துவிட்டான். வண்டில் கதிரைகளோடு நடுத்தெருவில் கிடந்தது. பொலிஸ்காரன் பாதையை மறித்த குற்றத்துக்குச் சவுந்தரநாயகத்தாரின் பெயரை எழுதிக்கொண்டான்.

பிறகென்ன? கோட்டைக் கழற்றிவிட்டு, தலையில் இரண்டும் கையில் ஒன்றுமாக அவரே கதிரை சுமந்தார். ஐந்தாம் நடையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மண்டப வாசலில் காரை விட்டு இறங்கிய துரைசாணி, வியர்த்து நின்றவரைக் கூலியாள் என்றெண்ணித் தன் நாயின் சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சவுந்தரநாயகத்தார் கண்ணாடி முன் பழகிய அளவுக்கே குனிந்து அதை வாங்கினார்.

ஆனாலும் கூட்டம் சிறப்பாகவே நடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு அவர் அறிக்கை வாசித்தார்: "இன்றுகூட, அளவுமீறிய பாரம் இழுத்த மாடொன்று நமது சங்கத்தின் தலையீட்டால் விடுவிக்கப்பட்டது." கரகோஷம் அடங்க வெகுநேரமானது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று வெள்ளவத்தைக்கு றிக்ஷாவில் போனீர்களே, வழியில் ஒருவன் மாட்டை அடிப்பதைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, இதைப் பார்க்க ஏலாது, கெதியாய் இழு!" என்று இழுப்பவனை அதட்டினீர்களே, அது நீங்கள் இல்லைத்தானே?