குதிகாலில் பட்ட குண்டு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடல்நலத்துக்குக் குறைவின்றி இருக்கிறோம். நீங்களும் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். வழக்கறிஞரான உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அந்தச் சந்தேகமே என்னைச் சிறைக்கு அனுப்பிவிடும் என்கிறாள் அத்தை.

செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு ஒருவன் பின்கதவைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். உரிமம் வாங்கி ஒன்பது ஆண்டுகளாக எண்ணெய் மட்டுமே போட்டு வந்த துப்பாக்கியை எடுத்தேன். முறைப்படி இருமுறை எச்சரித்தேன். மூன்றாவது முறையும் வேண்டுமா என்று சற்று யோசித்துவிட்டுச் சுட்டேன். விழுந்தான். ஆய்வாளர் வந்து எல்லாம் எழுதிக்கொண்டு, "உயிரைக் காப்பாத்திக்கத்தானே சுட்டீங்க, கவலையை விடுங்க பெரியவரே" என்று நோட்டை மூடினார். நானும் அத்தோடு விட்டிருக்கலாம். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்த புத்தி விடவில்லை. என்னை நோக்கி வந்தவனுக்குக் குண்டு குதிகாலில் எப்படிப் பட்டிருக்கும் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். நோட்டை மறுபடி திறந்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் திரும்பிய பிறகு சுட்டிருந்தால் அது தற்காப்பா, தாக்குதலா? எந்த நொடியில் ஒன்று மற்றொன்றாகிறது? நான் நின்ற இடத்திலிருந்து அவன் விழுந்த இடம் வரை நாடா வைத்து அளந்தேன்: பதினோரு அடி நாலு அங்குலம். வரைபடமும் போட்டேன். விடை வரவில்லை. எனவே நேற்று மருத்துவமனைக்குச் சென்றேன். வாசலில் இருந்த காவலர், உறவா என்று கேட்டார், சுட்டவன் என்றேன். குண்டு பட்டவன் பெயின்டராம். இனி ஏணி ஏற முடியாது என்று நஷ்ட ஈடு கேட்டு அவனுடைய வக்கீல் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். போலீஸ் என்னை விட்டாலும் இது தனியாக நடக்குமாமே, உண்மையா? எப்போது திரும்பினாய் என்று அவனிடம் கேட்டேன். கோபப்படாமல் சொன்னான்: "நீங்க துப்பாக்கியைத் தூக்கினதுமே திரும்பிட்டேன் பெரியவரே. நீங்கதான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்களே."

மூடியிருக்கத்தான் வேண்டும். அவன் முகமே எனக்கு நினைவில்லை. படுக்கை எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கண்ணை மூடியவனுக்கு எதிராளி திரும்பியது எப்படித் தெரியும்? இது எனக்குச் சாதகமா, பாதகமா?

"இனிமே வாயே திறக்காதீங்க மாமா" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறேன். அதனால்தான் கடிதம். இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கண் மூடிய விவரம் ஆய்வாளரின் நோட்டில் விடுபட்டிருந்தது. பேசக் கூடாதல்லவா, இக்கடிதத்தின் நகலை அவர் மேசையில் வைத்துவிட்டு வாய் திறக்காமல் நின்றேன். முழுவதும் படித்துவிட்டு, உங்களை முதல் பஸ்ஸிலேயே வரச் சொன்னார்.