அமெரிக்கா ஞாயிற்றுக்கிழமை

ஒரே ஒரு முறை விமானத்தில் போனவனிடம் விமானத்தைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. நூறு முறை போனவன் தெரியாது என்று சொல்லிவிடுவான். நான் ஒரு முறை போனவன். (கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு. அதிலும் பாதி நேரம் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.)

எனக்குக் கல்யாணமான புதிது. மனைவி கவிதாவின் அண்ணன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நான்கு வருடம் கழித்து சொந்த ஊரான முதலமடைக்கு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் இறங்குவேன் என்று அவனே சொல்லியிருந்தான். அதோடு விட்டிருக்கலாம். நான் போனைத் தடவி, பதினாலாயிரம் கிலோமீட்டர், இருபத்திரண்டு மணி நேரம் என்று மாமனாருக்கு வகுப்பெடுத்தேன்.

"அங்க வெள்ளிக்கெழம ராத்திரி ஏறறாருங்க மாமா. கூட்டிப் பாருங்க, சனிக்கெழம பொழுதோட வந்துருவாரு. அவரு சொல்றது அமெரிக்கா ஞாயித்துக்கெழமைங்க."

மாமனார் மாந்தோப்புக்காரர். பூவைப் பார்த்தே விளைச்சலைச் சொல்லிவிடுவார். அவரும் நம்பினார். சனிக்கிழமை வீட்டில் கிடா வெட்டினார்கள். மாலையும் கையுமாக நானும் மாமனாரும் கொச்சிக்குப் போனோம்.

விமான நிலையப் பலகையில் அந்த விமானமே இல்லை. காவலாளியிடம் கேட்டேன். இன்று அப்படி ஒன்று கிடையாது என்றார். மச்சானின் போனும் அணைந்திருந்தது. எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் தன் கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் விமானத்தைச் சந்தேகப்பட்டேன்.

"பிளேனக் காணோங்க மாமா."

அவர் மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டார், பேச வரவில்லை. அவர் அழுததை வைத்தே அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. (புரியக் கூடாததுதான் புரிந்தது.) அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. கவிதாவின் ஆனைமலைச் சித்தப்பா முதல் ஆளாக வந்து டிவியில் செய்தி பார்க்க உட்கார்ந்தாராம்.

கொஞ்ச நேரத்தில் கவிதா என்னைக் கூப்பிட்டாள். அழுகை நின்றிருந்தது. குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்க, அம்மா தோசை சுட்டுட்டு இருக்கறப்பதான் அண்ணன் போன் பண்ணி, இப்ப பிளேன் ஏறறேன்னு சொல்லுச்சு. இன்னிக்குக் காலைலதான், அங்க அப்ப வெள்ளிக்கெழம ராத்திரியாம். அப்பறம் எப்பிடிங்க அதுக்குள்ள வரும்? இருவத்திரெண்டு மணி நேரம்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் மாமனாரைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் அவரும் கேட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலையை மடியில் வைத்தபடி, மகன் வரும்வரை அங்கேயே காத்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். தன்னைக் கட்டிக்கொண்டு அப்பா ஏன் அப்படி அழுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. வீட்டிலோ கறி தீர்ந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? நான்கு வருடக் கனவோடு வந்தவனுக்கு ரசமும் அப்பளமும்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து மச்சான் தன் பயண விவரத்தை என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் சொல்கிறான். ஆனைமலைச் சித்தப்பா மட்டும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் என் தோளில் கை போட்டு, நாலு பேர் காதில் விழும்படி கேட்பார்:

"ஏனுங்க மாப்ள, அடுத்த பிளேன் எப்பங்க காணாமப் போகுது?"