ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் விற்ற ஷெயார்

ஷெயார் வாங்கியவனுக்குப் பங்குதாரர் என்று பெயர். நானோ வாங்கிய அன்றே முதலாளி ஆகிவிட்டேன்.

எஞ்ஜினுக்கு இன்ஜெக்டர் செய்யும் கொழும்புக் கம்பெனி அது. டீசலை அளவாகப் பீச்சும் அந்தச் சின்னச் சாமானைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? (மாத்தளையில் மிளகு வியாபாரி நான், மோந்து பார்த்து வாங்கித்தான் பழக்கம்.) ஆனாலும் பஸ் ஏதும் உறுமினால் காது கொடுத்துக் கேட்டு, நிபுணரைப் போலத் தலையாட்டுவேன். என் பழைய வேனில் நன்றாக இருந்த இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, 'நம்ம கம்பெனி' சாமானைப் போடவைத்தேன். அதோடு நின்றேனா? மனைவியின் தம்பி செல்வத்தையும் இழுத்துவிட்டேன். வீட்டுக்கு மேல்மாடி கட்டப் பன்னிரண்டு வருடம் டோஹாவில் உழைத்துச் சேர்த்த காசை, என் பேச்சை நம்பி அதில் போட்டான்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். ரத்தோட்டையைத் தாண்டி ஏறும்போது வேன் இருமியது, குலுங்கியது, பனிமூட்டத்துக்குள் நின்றேவிட்டது. எனக்கோ கம்பெனியே நின்றுவிட்டதாகத் தோன்றியது. நாடு முழுக்க நம் சாமான் போட்ட வண்டிகள் நடுரோட்டில் கிடப்பதாகவும், நாளைய பத்திரிகையில் என் படம் வரப்போவதாகவும் நினைத்துக்கொண்டேன். (பத்திரிகைக்காரர்களுக்கு என்னைத் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.) எதிரே நிற்கும் மாடுகூடத் தெரியாத பனி, ஆனால் பக்கத்திலேயே டவர் இருந்ததால் போன் மட்டும் அருமையாக வேலை செய்தது. முதலில் புரோக்கரைக் கூப்பிட்டு என்னுடையதை விற்றேன். அடுத்தது செல்வம்.

"எல்லாத்தையும் இப்பவே வித்துருடா."

"என்ன நடந்துச்சு அத்தான்? நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"சாமான் சரியில்ல. கம்பெனி விசயம் எனக்குத் தெரியாதா?"

விற்றுவிட்டான். வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு.

இரண்டு மணித்தியாலம் கழித்து நிஸாம் நானா என்ற மெக்கானிக் வந்து, டீசல் பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீராகக் கொட்டியது.

"எங்க டீசல் அடிச்சீங்க, மொதலாளி?"

டீசல் கிடைக்காத காலத்தில் நாள்கணக்காக வரிசையில் நின்று சேர்த்து, கிணற்றடியில் மூன்று கேன்களில் நான் ஒளித்துவைத்த பொக்கிஷம் அது. வீணாகக் கூடாதே என்று அன்று காலைதான் ஊற்றினேன். மென்று விழுங்கிச் சொன்னேன்.

"சாமான்ல ஒரு கொறையும் இல்ல," என்றார் நானா. "இந்தத் தண்ணிய குடிச்சிட்டு இவ்வளவு தூரம் ஏறினதே பெரிசு. நல்ல கம்பெனி. காசு இருந்தா நானே ஷெயார் வாங்குவேன்."

 

சில மாதங்களில் அந்த ஷெயார் இரண்டு மடங்கானது. செல்வம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வீட்டு மொட்டைமாடியில் தூண் கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. கம்பிக்குக் கம்பி கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால், நான் ஹாலில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், செல்வத்தின் மனைவி மகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்:

"மாமா கட்டிக் குடுத்த மாடிக்குப் போய், துணிய எடுத்துக்கிட்டு வா."