போணிக்கு முன்னால் அரை மாத்திரை

தியாகராய நகர்,
சென்னை-17.

தென்காசி மாப்பிள்ளை மாணிக்கவாசகம் அவர்களுக்கு, மச்சான் இசக்கிமுத்து சொல்லச் சொல்ல, ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை துரைராஜ் எழுதும் கடிதம். இங்கு அனைவரும் சுகம் என்று அவராகவே எழுதிவிட்டார். என் வயிறு நீங்கலாக என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

உங்கள் மகள் சரோஜா கல்யாணத்துக்கு நான் வருவதற்கில்லை. தாய்மாமன் மாலையை என் பெரியப்பா மகன் சண்முகவேலே போடட்டும். உங்கள் கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கிறது என்று கோபித்து எழுந்துபோய், பாயச வாளியைக் கண்டதும் திரும்பி வந்து உட்கார்ந்தானே, அதே சண்முகவேல்தான். நான் எதையும் மறக்கவில்லை. சரோஜாவுக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் என் மடியில். இப்போது மாலை மட்டும் அவன் கையில்.

நடந்ததைக் கேளுங்கள். சர்க்கரை வியாதி என்று ராஜா அண்ணாமலைபுரத்து நீரஜா டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "முதல்ல அரை மாத்திரைதான் பெரியவரே. சாப்பாட்டுக்கு நடுவுல போடுங்க. கொஞ்ச நாள் வயிறு கலக்கும், அப்புறம் பழகிடும்" என்றார். நம் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, முதல் துணியை என் கையால் விற்றுப் போணி ஆகும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படாது. மாத்திரை தண்ணீரோடு போகிற சரக்குதானே, அது முன்னால் போய் வயிற்றில் காத்திருக்கட்டும், சாப்பாடு பின்னால் வரட்டும் என்று விடிந்ததும் விழுங்கிவிட்டுக் கடைக்கு வந்தேன்.

அது காத்திருக்கவில்லை. முதல் ஆளாக நொச்சிக்குப்பத்துக் கோவிந்தம்மா மகளுக்குப் புடவை எடுக்க வந்தாள், நான் புடவையை விரித்ததும் வயிறு புரட்டியது, விரித்தது விரித்தபடி ஓடினேன், நம் கடையில் கக்கூஸ் ஏது, பின்சந்தில் ஷாஹுல் ஹமீது பாயின் லாட்ஜுக்குத்தான் ஓட வேண்டும், திரும்பி வந்து முந்தானையைக் காட்டுமுன் மறுபடி ஓடினேன், "இன்னா நைனா, நான் புடவ பாக்க வந்தனா, நீ ஓடறத பாக்க வந்தனா?" என்று அவள் எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். போணி போச்சு. போணி இல்லாமல் இட்லி இல்லை, இட்லி இல்லாத வயிற்றில் மாத்திரை ஆடுது, அது ஆடினா நான் ஓடுறேன், நான் ஓடினா போணி எங்கே ஆகும். தினமும் இதே கூத்து. "அண்ணாச்சி, பேசாம ஒரு ரூம் எடுத்துருங்க, வாடகை பாத்துப் போடுதேன்" என்கிறார் பாய்.

மணமேடையில் மாலையோடு நான் ஓடினால் அந்தப் பிள்ளை கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குமே மாப்பிள்ளை. வேண்டாம். அவள் மகராசியாக இருக்கட்டும். தங்கச்சியை அழ வேண்டாம் என்று சொல்லவும்.

பின்குறிப்பு: துரைராஜ் இதைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். இதற்குள் என் வீட்டுக்காரி பங்கஜம் டாக்டரம்மாவையே போய்க் கேட்டுவிட்டு, தூக்குப்போணியில் இட்லியோடு கடை வாசலில் வந்து நின்றாள். "சோத்துக்கு நடுவுல போடச் சொன்னா, வெறும் வயித்துக்கு நடுவுல போட்டிருக்கீகளே. இதைத் தின்னாத்தான் நான் நகருவேன்." போணி ஆகாமலே இரண்டு இட்லி, அரை மாத்திரை, மறுபடி இரண்டு இட்லி. அன்றிலிருந்து வயிறு வாயைத் திறக்கவில்லை. பாய்தான் ஆளைக் காணோமே என்று விசாரிக்கிறார். காகிதம் வீணாக வேண்டாமென்று இதிலேயே எழுதச் சொல்கிறேன்: நான் வருகிறேன். மாலை என் கையால்தான். ஆனால் முகூர்த்தத்துக்கு முன்னால் எனக்கு ஓர் இலை போட்டுவிடவும். தாலி கட்டுமுன் தாய்மாமன் சாப்பிடுவதா என்று சண்முகவேல் குதிப்பான். பக்கத்தில் அவனுக்கும் ஓர் இலை போட்டு, அப்பளத்தை நொறுங்காமல் வைக்கச் சொல்லுங்கள்.