முப்பதாயிரத்து முப்பத்தொன்று

ஆரம்பாக்கம்,
12.9.1974

மரியாதைக்குரிய பொன்னேரி லோகநாதன் அவர்கள் சமூகத்துக்கு, ஆரம்பாக்கம் குப்புராஜ் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு என் மனைவி செல்லியம்மாளும் மகன் சின்னதுரையும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சம்பந்தி என்று எழுத ஆசை; கை கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த இடத்தில் நான் நடந்துகொண்டதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு திருவொற்றியூர் ஆலையில் டைம்கீப்பர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும் பொழுது போகாமல் கணக்குப் போட ஆரம்பித்தேன். இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்று கூட்டினால் ஏழு. ஐந்தையும் சேர்த்துப் பெருக்கி ஒன்று கூட்டினால் முப்பத்தொன்று. ஏழையும் சேர்த்தால் இருநூற்றுப் பதினொன்று, பதினொன்றையும் சேர்த்தால் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. எல்லாமே ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்கள். பதின்மூன்றையும் சேர்த்தேன். முப்பதாயிரத்து முப்பத்தொன்று வந்தது. மூன்று, ஐந்து, ஏழு என்று ஐம்பத்து மூன்று வரை வகுத்துப் பார்த்தேன், போகவில்லை. அந்த நேரம் பார்த்துச் செல்லியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டு வந்தபின் மேற்கொண்டு வகுப்பது அநாவசியம் என்று பட்டது. அதிலிருந்து தபால்காரர், ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரையும் விடாமல் அந்த எண்ணின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான், எல்லோரும் பெண்ணைப் பாடச் சொல்வார்கள், நான் உங்கள் மகள் சந்திரகலாவிடம் அதைச் சொல்லி, "இது என்ன எண் தெரியுமாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அது பகா எண் இல்லீங்க. அம்பத்தொம்போதால போவும்" என்றது பெண், காபித் தட்டைக் கீழே வைக்காமலே.

"ஒரு வருஷமா நான் சொல்லிக்கினு கீறேன். நீ ஒரு நிமிஷத்துல இல்லைன்றியா?"

"கேட்டீங்க, சொன்னேன்."

உடனே நான் பெண்ணுக்கு வாய் அதிகம் என்று சொல்லி, கேசரியைத் தொடாமல், குடையை மறந்து, மழையில் இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து, கையில் அகப்பட்ட உங்கள் பெண்ணின் ஜாதக நகலின் பின்புறத்திலேயே வகுத்தேன். ஐம்பத்தொன்பதால் வகுத்தால் ஈவு ஐந்நூற்று ஒன்பது. மீதி பூஜ்யம். நாலு தடவை வகுத்தேன்.

"அந்தப் பொண்ணு சொன்னதுதான வந்துது? இன்னாத்துக்குத் திரும்பத் திரும்ப வகுத்துக்கினு கீற?" என்றாள் செல்லியம்மாள்.

நான்கு நாட்களாக ஸ்டேஷன் பக்கம் தலை காட்டவில்லை. தபால்காரர் வந்தால் கொல்லைப்புறம் போய்விடுகிறேன். ஐயா, ஐம்பத்து மூன்றுக்கு அடுத்த பகா எண் ஐம்பத்தொன்பதுதான். இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்திருந்தால் உங்கள் வீட்டில் இந்த அவமானம் நேர்ந்திருக்காது. என்னைப் பார்த்து என் பிள்ளையை எடைபோட வேண்டாம். மன்னித்து இந்தச் சம்பந்தத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். சந்திரகலாவுக்கு என் ஆசி, வாங்கிக்கொள்ள மனமிருந்தால்.

தலைகுனிந்த,
குப்புராஜ்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கச் சின்னதுரையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத்த நீ எழுதவே வேணாம் நைனா. நானும் சந்திரகலாவும் ஆறு மாசமா ஒரே ரயில்லதான் வேலைக்குப் போய்க்கினு கீறோம். உன் நம்பர சொன்னதே நான்தான். பொன்னேரில ஏறுனவ மீஞ்சூர் வர்றதுக்குள்ள வகுத்துட்டா" என்றான். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்றேன். "ரிட்டயர் ஆனப்புறம் அந்த நம்பர சொல்றப்பதான் நீ சிரிச்ச" என்றான். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு, இந்த ரயில் விஷயம் தங்களுக்கும் முன்பே தெரியுமா, தெரியாதது நான் ஒருவன்தானா என்று மட்டும் ஒரு கார்டு போடவும்.